கோட்டுருவில் திண்மை: வெக்டர் வரைமென்பொருள்களின் முப்பரிமாணத் தோற்றம் பற்றிய வரலாற்று ஆய்வு

1. முன்னுரை

தாளுக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. எனினும், அத்தாளில் முறைப்படி வரைந்த பேழை ஒன்றைக் காண்பார், அதனுள் பொருளை வைக்க இடமுண்டு என்றே உணர்வர். இல்லாத ஆழத்தை உள்ளதுபோல உணர்த்தும் இவ்வாற்றல் ஓவியரின் பழஞ்செல்வம். இன்று அது கணிப்பொறியின் வரைமென்பொருள்களில் ஒரு கட்டளையளவாகச் சுருங்கியுள்ளது. வட்டம் ஒன்றையோ எழுத்து ஒன்றையோ தேர்ந்தெடுத்து, முப்பரிமாண விளைவு என்னும் பட்டியலைத் திறந்து, எண் ஒன்றை இட்ட அளவில், அவ்வுரு பருமை பெற்றுத் தாளினின்றும் எழுவதுபோலத் தோன்றுகின்றது.

இவ்வெளிமை காரணமாக இருவகைக் கருத்துகள் பரவியுள்ளன. இது கணிப்பொறி தோற்றுவித்த புதுமை என்பது ஒன்று. இது ஒரே செயல் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரலாற்றோடு பொருந்தா என்பது எம் கருத்து. தனித்தனியே தோன்றித் தனித்தனியே வளர்ந்த மூன்று மரபுகள், 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பட்டியலின்கீழ் ஒருங்கு சேர்ந்தன. அவற்றுள் வெக்டர் வரைகலையின் இயல்போடு இயைவது ஒன்றே. ஏனைய இரண்டும் புறத்தினின்றும் கொணரப்பெற்றன. இதனை நிறுவுதலும், இவ்வேறுபாட்டை அறியாமையால் ஆராய்ச்சியாளர்க்கு நேரும் இழுக்கைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெக்டர் வரைகலை என்பது யாது என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். ஒளிப்படம் போல்வன எண்ணற்ற நிறப்புள்ளிகளின் தொகுதி. வெக்டர் உருவோ புள்ளித் தொகுதியன்று. எங்குத் தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கு முடிக என்று கோட்டிற்கு இடும் ஆணைகளின் தொகுதி. ஆதலின் எத்துணைப் பெரிதாக்கினும் அதன் விளிம்பு சிதையாது. வண்ணம் தீட்டப்பெறாத கோட்டுருவைத் தமிழ் மரபு தனியே பிரித்தறிந்தது. நெடுநல்வாடையில் வரும் 'புனையா ஓவியம்' என்னும் தொடர் அதனைச் சுட்டும். கோடே அடிப்படை, வண்ணம் பின்னர்ச் சேர்வது என்னும் அப்பாகுபாடு, வெக்டர் உருவின் அமைப்பை விளக்குவதற்கும் பெரிதும் பொருந்துகின்றது.

2. முதல் மரபு: சேய்மைக் குறுக்கம்

அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றுதல் யாவரும் அறிந்தது. கி. மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், தம் ஒளியியல் நூலில் இதற்குக் கோண வகையால் விளக்கம் தந்தார். பார்வைக் கதிர்கள் கண்ணை நுனியாகக் கொண்ட கூம்பு வடிவில் அமைகின்றன. பெருங்கோணத்துள் அடங்குவது பெரிதாகவும் சிறுகோணத்துள் அடங்குவது சிறிதாகவும் தோன்றும் என்பது அவர் கொள்கை. ஆயினும் அவர் கூறியது காட்சியின் இலக்கணமேயன்றி ஓவியத்தின் இலக்கணம் அன்று.

காட்சியிலக்கணத்தை ஓவியத்திற்கு ஆக்கியது இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புரூனெல்லெஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் அந்நகரத் திருமுழுக்குக் கோயிலைப் பலகையொன்றில் வரைந்தார். பலகையில் துளையிட்டு, அதன் பின்புறத்தினின்று அத்துளை வழியே நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் நிழலுருவைக் காணுமாறு அமைத்தார். அப்பலகை இன்று இல்லை. அவர் வரலாறு எழுதிய மானெட்டி வாயிலாகவே இச்செய்தி கிடைக்கின்றது. கண் நிற்கும் இடம் ஒன்றே என வரையறுத்தது இச்செய்முறையின் சிறப்பு. 1435-இல் ஆல்பெர்ட்டி இம்முறையை நூல் வடிவில் வகுத்துரைத்தார். ஓவியப் பரப்பினைத் திறந்த சாளரமாகக் கொள்க என்பது அவர் கருத்து. தாளுக்குள் நோக்கிச் செல்லும் இணைகோடுகள் யாவும் ஒரு புள்ளியிற் குவியும். அதனை மறைபுள்ளி என்கின்றோம்.

உச்செல்லோ வரைந்ததாகக் கருதப்பெறும் கிண்ண ஓவியம் ஒன்று பிளாரன்ஸ் நகரத்தில் உள்ளது. எண்ணற்ற சிறு கட்டங்களால் ஆகிய அக்கிண்ணத்தின் முன்புறக் கோடுகளேயன்றிப் பின்புறத்து மறைகோடுகளும் அதில் காணப்பெறுகின்றன. இக்காலக் கணிப்பொறித் திரையில் தோன்றும் கம்பிச்சட்ட உருவினை அஃது அப்படியே ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. 1525-இல் ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் வெளியிட்ட அளவை நூலில், இருவர் கயிறு ஒன்றினைக் கொண்டு வீணை போன்ற இசைக்கருவியைப் புள்ளி புள்ளியாகச் சட்டத்தில் குறிக்கும் மரவெட்டுப் படம் உள்ளது. கயிறு பார்வைக் கதிருக்கு ஈடாகும்; சட்டம் தாளுக்கு ஈடாகும். பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் தாளில் ஒரு புள்ளியைக் கணித்தல் என்னும் இம்முறையே பின்னாளில் பொறியின் முறையாயிற்று.

3. இரண்டாம் மரபு: இணைகோட்டுத் தோற்றம்

சேய்மைக் குறுக்கம் கண்ணுக்கு இயைந்தது. ஆனால் அளவுக்கு இயைந்ததன்று. அம்முறையில் வரைந்த சுவரின் நீளத்தை அளவுகோல் வைத்து அறிதல் இயலாது. ஆகவே அளவு வேண்டினோர் பிறிதொரு வழியைக் கைக்கொண்டனர். பொருளில் இணையாக உள்ளவை தாளிலும் இணையாகவே நிற்கும். மறைபுள்ளி என்பது இல்லை. சீன நாட்டு நெடுஞ்சுருள் ஓவியங்களில் மாடங்களும் பாலங்களும் இவ்வாறே வரையப்பெற்றன. சுருளை விரித்துக்கொண்டே செல்வார்க்குக் கண் நிற்கும் இடம் ஒன்றென்பது பொருந்தாமையின், அம்முறை அங்கு ஏற்புடைத்தாயிற்று. ஐரோப்பியக் கோட்டை வரைவாளரும் இவ்வழியையே பின்பற்றினர்.

இம்மரபிற்கு இலக்கணம் வகுத்தவருள் தலையாயவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் பாரிஷ். அவர் இயந்திரங்களின் மாதிரிகளைப் பொது உறுப்புகளினின்றும் கோத்து மாணவர்க்குக் காட்டி, விரிவுரை முடிந்தபின் கழற்றிவிடுவார். மீண்டும் கோக்கும் உதவியாளர்க்குப் பிழையற்ற படம் தேவைப்பட்டது. அத்தேவையே 1822-இல் வெளிவந்த ஐசோமெட்ரிக் முறை பற்றிய கட்டுரைக்குக் காரணமாயிற்று. கனசதுரத்தின் மூன்று விளிம்புகளும் தாளில் ஒன்றற்கொன்று 120 பாகை விலகி நிற்பதும், மூன்றிற்கும் அளவு ஒன்றாதலும் அம்முறையின் இயல்பு. இதனைச் சமவளவுத் தோற்றம் எனலாம்.

4. மூன்றாம் மரபு: ஒளியும் நிழலும்

மேற்கூறிய இரண்டும் கோட்டின் வழிப்பட்டவை. கோடே இன்றியும் திண்மையை உணர்த்தலாம். வட்டம் ஒன்றனுள் ஒருபுறம் வெளிறவும் மறுபுறம் கருகவும் வண்ணத்தைப் படிப்படியாக மாற்றின், அது பந்தாகத் தோன்றும். ஆல்பெர்ட்டியே ஓவியத்தை எல்லைக்கோடு, உறுப்பமைதி, ஒளியேற்பு என மூன்றாகப் பகுத்தார். எல்லைக்கோட்டிற்குத் திட்டமான கணக்கு இருந்த அக்காலத்தில், ஒளியேற்பிற்கு அத்தகைய கணக்கு இல்லை. அது கைத்திறனைச் சார்ந்தே நின்றது. செப்புத்தகட்டு வேலைப்பாட்டினர் வண்ணத்தை மென்மையாக மாற்ற இயலாமையின், நெருங்கியும் விலகியும் செல்லும் நுண்கோடுகளால் நிழலைக் காட்டினர்.

ஒளியேற்பிற்குக் கணக்கு வகுத்தவர் லாம்பர்ட். 1760-இல் அவர் வெளியிட்ட ஒளியளவியல் நூலின்படி, மங்கல் பரப்பின்மேல் வீழும் ஒளியின் அளவு, ஒளி வரும் திசைக்கும் பரப்பின் செங்குத்துக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. ஒளி நேரே வீழின் முழு வெளிச்சம். 60 பாகை சாய்ந்து வீழின் பாதி. இவரே அதற்கு முந்திய ஆண்டில், 1759-இல், சேய்மைக் குறுக்கம் பற்றியும் நூல் இயற்றியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கோட்டின் கணக்கும் ஒளியின் கணக்கும் ஒருவர் கையிலேயே நிறைவெய்தியும், அவை ஒரு கருவியில் ஒன்றுபட இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

5. பொறியில் மூன்று மரபுகளின் நுழைவு

1963-ஆம் ஆண்டு இத்துறையில் சிறப்பிடம் பெறுகின்றது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து அவ்வாண்டு அளித்த ஆய்வேட்டில், ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் ஸ்கெட்ச்பேட் என்னும் அமைப்பை விளக்கினார். அஃது இருபரிமாண அமைப்பே. அதே ஆண்டில் அங்கேயே திமத்தி ஜான்சன் அதனை முப்பரிமாணத்திற்கு விரித்தார். லாரன்ஸ் ராபர்ட்ஸ், திண்பொருளின் பின்புறத்து மறைகோடுகளை நீக்கும் கணக்கினை அமைத்தார். கிண்ண ஓவியத்தில் எல்லாக் கோடுகளும் தெரிந்தன என்றோம்; எவை தெரியா என்று பொறியே முடிவு செய்தல் இப்பொழுது கைகூடிற்று.

ஏறத்தாழ இதே காலத்தில், பிரான்சு நாட்டு மகிழுந்துத் தொழிலில் வளைகோட்டிற்கு இலக்கணம் தோன்றியது. சித்ரோயன் நிறுவனத்தின் தெ காஸ்தெல்ஜோ 1959 முதல் இதனை ஆய்ந்தும், நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்தமையால், ரெனோ நிறுவனத்தின் பெசியே பெயராலேயே அவ்வளைகோடு வழங்கலாயிற்று. நான்கு புள்ளிகளைக் கொண்டு ஒரு வளைவைக் குறிக்கும் இம்முறையே வெக்டர் வரைமென்பொருள்களின் உயிர்நாடி.

ஒளிக்கணக்கு யூட்டா பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. 1971-இல் குரோ, பலகைகள் போன்ற பரப்புகளுக்கிடையே ஒளியளவைச் சீராகப் பரப்பும் வழியைக் கண்டார். 1975-இல் வெளிவந்த கட்டுரையில், வியட்நாமியரான போங், மெருகேறிய பரப்பில் தோன்றும் ஒளிப்பொட்டிற்குக் கணக்கு வகுத்தார். இவர்க்கு முன்னரே, 1969-இல், அப்பல்கலைக்கழகத்தில் ஜான் வார்னாக் என்பார் மறைபரப்பு நீக்கம் பற்றி ஆய்வேடு அளித்திருந்தார். படத்தை நான்காகப் பகுத்து, தெளியாத பகுதியை மீண்டும் நான்காகப் பகுத்துச் செல்லுதல் அவர் முறை. இவ்வார்னாக் பின்னர்ச் செய்தது யாது என்பதே இவ்வரலாற்றின் திருப்பமாகும்.

6. பக்கமொழியும் அதன் எல்லையும்

வார்னாக்கும் கெஷ்கியும் 1982-இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, 1984-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்கமொழியை வெளியிட்டனர். 1987-இல் அதன் வழித்தோன்றலாக இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைமென்பொருள் வந்தது. மறைபரப்பை ஆய்ந்தவரே ஆழமற்ற பக்கத்திற்கு மொழி அமைத்தார். அச்சுத்தாளே குறிக்கோள் ஆதலின், அம்மொழியில் மேல் கீழ், இடம் வலம் என்னும் இரு திசைகளே உள்ளன. முன் பின் என்பது எது எதன்மேல் வரையப்பெற்றது என்னும் அடுக்கு முறை மட்டுமே.

அம்மொழியில் ஓர் உருவை நகர்த்தல், பெருக்கல், திருப்பல், சாய்த்தல் ஆகிய யாவும் 6 எண்கள் கொண்ட அணியொன்றால் நிகழும். 2001-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எஸ்விஜி வடிவமும் இவ்வாறே அமைந்தது. இவ்வணியால் எத்துணை மாற்றினும் இணைகோடுகள் இணைகோடுகளாகவே நிற்கும். இதிலிருந்து பெறப்படுவது பெரிது. பாரிஷ் வகுத்த சமவளவுத் தோற்றம் இவ்வணிக்குள் முழுமையாக அடங்கும். சதுரம் ஒன்றின் உயரத்தை 86.6 விழுக்காடாகக் குறைத்து, 30 பாகை சாய்த்து, 30 பாகை திருப்பின், பக்க அளவு மாறாத சாய்சதுரம் கிடைக்கின்றது. சாய்க்கும் திசையையும் திருப்பும் திசையையும் மாற்றி மூன்று முறை செய்து இணைத்தால் கனசதுரம் எழும். இதற்குத் தனிக் கட்டளை எதுவும் வேண்டா. பக்கமொழியின் இயல்பான வினைகளே போதும்.

புரூனெல்லெஸ்கியின் சேய்மைக் குறுக்கமோ இவ்வணிக்குள் அடங்காது. இணைகோடுகள் மறைபுள்ளியிற் குவிதல் வேண்டுமாதலின், மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே கணித்து இடம் மாற்றல் வேண்டும். ட்யூரரின் கயிறு செய்த வேலை அது. மேலும், பக்கமொழி ஏற்கும் பெசியே வளைவு சேய்மைக் குறுக்கத்திற்கு உட்படின் அவ்வகை வளைவாகவே நிற்பதில்லை. ஆதலின் அண்ணளவான வளைவுகளையே மென்பொருள் வரைந்து காட்டுகின்றது. கோரல்டிராவில் மறைபுள்ளியை இழுத்து நகர்த்தும் அமைப்பும், இங்க்ஸ்கேப்பில் 2008-இல் வந்த முப்பரிமாணப் பெட்டிக் கருவியும், இல்லஸ்ட்ரேட்டரில் 2010-இல் சேர்ந்த சேய்மைக் கட்டச்சட்டமும் இவ்வாறு புறத்தினின்றும் கொணர்ந்து இணைத்தவையே.

ஒளிமரபிற்கும் இடர்ப்பாடு இருந்தது. தொடக்கத்தில் பக்கமொழி ஓர் உருவை ஒரே நிறத்தால் நிரப்பவல்லது. ஆகவே 1988-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர் பதிப்பு, இரு உருக்களுக்கிடையே படிப்படியாக நிறமும் வடிவும் மாறும் இடையுருக்களை அடுக்கும் கருவியைத் தந்தது. செப்புத்தகட்டினரின் நுண்கோட்டு முறையே வேறு வடிவில் மீண்டது எனலாம். 1997-இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்டின் மூன்றாம் நிலையில்தான் சீரான நிறமாற்றம் மொழிக்கே உரியதாயிற்று.

7. மூன்று மரபுகளின் கூட்டு

1990-களில் அடோபி நிறுவனம் டைமன்ஷன்ஸ் என்னும் தனி மென்பொருளால் கோட்டுருக்களுக்குத் திண்மை தந்தது. 2003-இல் இல்லஸ்ட்ரேட்டரின் சி.எஸ். பதிப்பில் இத்திறன் முப்பரிமாண விளைவு என்னும் பெயரால் உள்ளேயே அமைந்தது. அதன் உறுப்புகளைப் பிரித்து நோக்குவோம்.

முதலாவது புறநீட்டம். தட்டையான உருவை அதன் பரப்புக்குச் செங்குத்தாக நீட்டிச் சுவர் எழுப்புதல் இது. 'ட' என்னும் எழுத்தை நீட்டின் வெளிச்சுவர்கள் மட்டுமே எழும். ணகரத்தின் தொடக்கச் சுழி மூடியிருக்குமாயின், அதனுள் உட்சுவரும் எழுதல் வேண்டும். எழுத்தின் வெளிக்கோடும் உட்கோடும் எதிரெதிர்த் திசையில் செல்வதைக் கொண்டு உள்ளே வெற்றிடம் உண்டு எனப் பொறி அறிகின்றது. இரண்டாவது சுழற்றுகை. அரைப்பக்க வடிவத்தை அச்சினைச் சுற்றித் திருப்பின், குயவர் திகிரியில் எழுவதுபோல் முழுக்கலம் எழும். மூன்றாவது விளிம்புச் சாய்வு. இவை உருவை ஆக்குவன. எப்பக்கத்தினின்று காண்பது என்பதனைத் திருப்பக் கோணங்களும், சேய்மைக் குறுக்கத்தின் அளவும் முடிவு செய்யும். குறுக்கத்தின் அளவைச் சுழியமாக்கினால் இணைகோட்டுத் தோற்றமே எஞ்சும். இறுதியில் ஒளி: மங்கல் பரப்பு லாம்பர்ட் கணக்கினையும், மெருகுப் பரப்பு போங் காட்டிய ஒளிப்பொட்டினையும் ஒத்து அமைகின்றன. 2021-இல் வந்த பதிப்பில் கதிர்த்தடக் கணக்கு சேர்க்கப்பெற்றது. ஒளியைப் புள்ளிதோறும் அளத்தல் அதன் இயல்பாதலின், ஈண்டுக் கோட்டுரு தன் எல்லையைக் கடந்து புள்ளிப்படத்தின் துணையை நாடுகின்றது.

இங்ஙனம் ஆகிய தோற்றம், விளைவு என்ற நிலையில் இருக்குமளவும் மூல உருவும் எண்களும் காக்கப்பெறும். மீண்டும் திருப்பலாம், திருத்தலாம். அதனை விரித்துத் தனிவடிவங்களாக்கியபின், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டைத் துண்டுகளே எஞ்சும். அவற்றுள் ஆழத்தின் நினைவு எதுவும் இல்லை.

8. ஆராய்ச்சியாளர்க்கு ஓர் எச்சரிக்கை

கோடுகள் திண்மையை உணர்த்துவதனால் அத்திண்மை உண்மையாதல் வேண்டும் என்பதில்லை. 1934-இல் சுவீடன் நாட்டு ஓவியர் ராய்ட்டர்ஸ்வார்டு, கனசதுரங்கள் சிலவற்றை முக்கோணமாக அடுக்கி வரைந்தார். ஒவ்வொரு மூலையும் பொருந்தும். முழுவுரு உலகில் அமைதல் இயலாது. 1958-இல் பென்ரோஸ் தந்தையும் மகனும் இத்தகைய உருவினை உளவியல் ஆய்விதழில் விளக்கினர். இணைகோட்டுத் தோற்றத்தில் அண்மை சேய்மைக்கு அளவு மாற்றம் இன்மையால் இம்மயக்கம் எளிதில் நிகழ்கின்றது. வெக்டர் மென்பொருளில் மூன்று சாய்சதுரங்களைக் கொண்டே இதனை வரைந்துவிடலாம், பொறி மறுக்காது.

இது விளையாட்டளவில் நிற்பின் கேடில்லை. தொல்லியலார் பானையை வரையுங்கால் ஒரு பாதியில் வெட்டுமுகத்தையும் மறுபாதியில் வெளித்தோற்றத்தையும் காட்டுதல் மரபு. அவ்வரைவைக் காண்பார், எது அளந்து அறிந்தது என்பதனை உணர்வர். அவ்வெட்டுமுகத்தையே சுழற்றுகைக் கட்டளைக்கு உட்படுத்தின், விளிம்புத் துண்டு ஒன்றினின்று குறையற்ற வட்டமும் ஒரே சீரான ஒளியும் கொண்ட முழுக்கலம் எழுகின்றது. குயவர் கையின் கோணலும், சூளையில் நேர்ந்த நெளிவும், கிடைக்காத பகுதியின் ஐயமும் அதில் மறைந்தொழிகின்றன. அச்சுப் பக்கத்தில் அது காண்பார்க்குச் சான்றாகவே தோன்றும். சான்றுக்கும் ஊகத்திற்கும் இடையே கோடு கிழித்தல் ஆராய்ச்சியாளர் கடன். ஆதலின் இத்தகைய படங்களை ஆய்வேடுகளில் சேர்ப்போர், அளந்த பகுதியை முழுக்கோட்டாலும் ஊகித்த பகுதியைப் புள்ளிக்கோட்டாலும் காட்டுதலும், எம்முறையால் திண்மை தரப்பெற்றது என்று படத்தின்கீழ்க் குறித்தலும் இன்றியமையாதன என்க.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். வரைமென்பொருள்களின் முப்பரிமாண விளைவு ஒரு செயலன்று. சேய்மைக் குறுக்கம், இணைகோட்டுத் தோற்றம், ஒளிநிழல் என்னும் மூன்று மரபுகளின் கூட்டு. இணைகோட்டுத் தோற்றம் பக்கமொழியின் இயல்பிலேயே அடங்கும். ஏனைய இரண்டும் கணக்கால் வருவிக்கப்பெற்றன. விளைவென நிற்பதும் விரித்தபின் எஞ்சுவதும் வேறு.

இவ்வேறுபாடுகள் சொல்லிலும் விளங்குதல் வேண்டும். முப்பரிமாணம் என்னும் சொல், மூன்று அளவுகளும் உண்மையாக உள்ள பொருளுக்கே உரியது. தாளில் உள்ளது தோற்றமே ஆதலின், இதனைத் திண்மைத் தோற்றம் என்று வழங்குதல் தகும் என்று யாம் கருதுகின்றோம். புறநீட்டம், சுழற்றுகை, விளிம்புச் சாய்வு, மறைகோடு, மறைபுள்ளி என்பன அதன் உறுப்புகளைக் குறிக்கும் சொற்களாகலாம். இவற்றினும் சிறந்த சொற்களை அறிஞர் காட்டுவராயின் ஏற்றுக்கொள்வோம். ஆனால் மூன்றையும் ஒரு சொல்லால் மூடிவிடுதல் கூடாது. சொல் மயங்கின், கிடைத்த ஓட்டின் துண்டும் நாம் கற்பித்த முழுக்கலமும் ஒன்றெனவே பின்வருவோர் கொள்வர்.